நான் சுமந்த சர்க்கரை மூட்டை

போன வருஷம் ஆடி மழையில், மார்த்தாண்டத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி நான் ஒரு வதந்தியைத் தயாரித்தேன். இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், வாட்ஸ்அப்பில் அடுத்தவர் விடும் ஒற்றுப்பிழையைத் திருத்தி அனுப்பிப் பகை வளர்ப்பவன், இதைச் செய்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வருஷந்தோறும் ஸ்கூட்டரில் தேன் கொண்டுவருவார். ரப்பர்த் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுக்கும் தேன். அந்த மழையில் பாட்டிலின் அடியிலிருந்து பாதி வரை வெள்ளையாக உறைந்து, சர்க்கரை படிந்த மாதிரி இருந்தது. உடனே எனக்குள் இருந்த ஹாஸ்ய எழுத்தாளன் விழித்துக்கொண்டான். படம் எடுத்து, 'தேனீக்கள் வேலைநிறுத்தம். ஆகவே இந்த வருஷத் தேன் மளிகைக்கடைக்காரரின் தயாரிப்பு' என்று எழுதி எங்கள் தெருக் குழுவில் போட்டேன். பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

என் மகள் அப்போது பிளஸ் ஒன். ஊடகவியல் என்ற பாடத்தை ஆசைப்பட்டு எடுத்திருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் நர்ஸிங்குக்கும் எஞ்சினியரிங்குக்கும் பாதை போட்டுக் காத்திருந்த நேரத்தில் அவள் இப்படிச் செய்தது எனக்கு ரகசியப் பெருமைதான். வெளியில் மட்டும், "போன் பார்க்கிறதுக்கும் மார்க் போடுறானுவளாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று வாரம் கழித்து அலுவலக நண்பர் ஒருவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். உறைந்த தேனின் படம், அதன் கீழே ஒரு பெண் ஸ்கூட்டரில் சர்க்கரை மூட்டை கொண்டுபோகும் படம், கூடவே 'இந்தத் தேனைக் குடித்த இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில்' என்று பதறும் ஒரு குரல். ஆக, சந்தேகப்பட்டது நான் மட்டுமில்லை என்று மகிழ்ந்து, அதை அப்படியே குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிட்டேன்.

அந்த வாரம் பள்ளியில் மகளுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும் ஏதாவது ஒரு செய்தியை எடுத்து, 'உங்களுக்கு இதை யார் அனுப்பினார்' என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். அவள் நான் அனுப்பிய தேன் செய்தியை எடுத்தாள். என் நண்பர், அவருடைய மஸ்கட் மைத்துனன், அவனுடைய சபையின் பாடகர் குழு, அங்கிருந்து நம்மூர் பேக்கரிக்காரர் என்று போய்க்கொண்டே இருந்தது. குரலும் ஆஸ்பத்திரியும் மஸ்கட்டில் சேர்ந்தவை. மூட்டைப் படம் பேக்கரியில் சேர்ந்தது. பேக்கரிக்காரர் தனக்கு முதலில் வந்த பாட்டில் படத்தை வெட்டாமல் வைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் அவள் அந்தப் படத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பாட்டிலைக் காட்டவில்லை. படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நீலப்பூப் போட்ட மேசைவிரிப்பு. அதில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணக் கறை. அதே கறையின் பக்கத்தில் அந்த நிமிஷம் என் தேநீர்க் கோப்பை இருந்தது.

"அப்பா, இது நம்மளுக்க மேசையாக்கும்."

நான் கோப்பையை நகர்த்திக் கறையை மறைத்தேன். ஐம்பது வயதில் செய்கிற காரியம் இல்லை.

"நான் தமாசுக்குல்லா போட்டேன்."

"சிரிச்சவங்க அங்கேயே நின்னுட்டாங்க. படம்தான் போயிருக்கு," என்றாள். பிறகு மெதுவாக, "ரிப்போர்ட்டுல பேரு போடவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க. ஆனா அந்த அக்காவப் பாக்க நான் போவேன்."

சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். வழி நெடுக நான் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கிடையில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினார். ஆறு பெட்டிகள் காலி.

மழை மாதங்களில் தேனீக்குப் பூ கிடையாதாம். சர்க்கரையைக் கரைத்து வைத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமாம். அந்தக் காலத்தில் தேனே எடுப்பதில்லை. ரப்பர்த் தேனோ குளிர் பட்டால் சீக்கிரம் உறைந்துவிடும். வெயிலில் வைத்தால் இளகிவிடும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இது, புத்தகம் படிக்கிற எனக்குத் தெரியவில்லை.

"சர்க்கர வாங்கப் போனா கடையில எல்லாவனும் சிரிக்கானுவ, சாரே. தேன் ரெடியாவுதான்னு கேக்கான். ரெண்டு வாரம் நான் கடைக்கே போவல்ல. ஈ பட்டினி கிடக்குமா? கூட்ட விட்டுட்டுப் போச்சு."

அடுக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கே போயினவோ. "அந்தப் படம் போட்டது நான்தான்" என்பது மட்டும் வெளியே வந்தது.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "ஒங்களுக்குப் போன ஆண்டு ஒரு பாட்டில் கூடுதலால்லா தந்தேன்," என்றார்.

குழுவில் விரிவான மன்னிப்புக் கடிதம் எழுதிவிடுவதாகச் சொன்னேன்.

"கடுதாசி இருக்கட்டும். இப்போ எனக்க கூட கடைக்கு வாங்க. சர்க்கர மூட்டைய நீங்க எடுங்க. ஆராவது கேட்டா நீங்க பதில் சொல்லுங்க."

குலசேகரம் கடைவீதியில், சனிக்கிழமைக் கூட்டத்தில், இருபத்தைந்து கிலோ சர்க்கரையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் முன்னால் போனார். மகள் பக்கவாட்டில் போனில் படம் பிடித்தபடி வந்தாள். ரப்பர் ஷீட் கடை வாசலில் ஒருவர், "என்ன சாரே, தேன் காய்ச்சவா?" என்றார். "தேனீக்குத் தீனி. தேன் சுத்தம். புரளி கிளப்பினவன் நான்," என்றேன். அடுத்த கடையிலும் அதே கேள்வி, அதே பதில். ஐந்தாவது கடைக்கு வரும்போது எனக்கு மூச்சு வாங்கியதால், "புரளி நான்" என்று சுருக்கிக்கொண்டேன். அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து நான் எழுதிய இரண்டு பக்க மன்னிப்புக் கடிதத்துக்கு ஒரே ஒரு கட்டைவிரல் விழுந்தது. மகள் ஒரு நிமிஷத்துக்குக் குறைவாக வெட்டிப் போட்ட வீடியோ மஸ்கட் வரை போய்த் திரும்பி வந்தது. ரிப்போர்ட்டில் என் பெயரை நானே என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்மணிக்கு வாடிக்கைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் திரும்பினார்கள். போன ஆறு கூட்டத்தில் மாசி மாதத்துக்குள் நாலைத்தான் மறுபடி சேர்க்க முடிந்தது. மீதி இரண்டு பெட்டிகளும் இன்றும் காலிதான்; வேடிக்கையாக ஏதாவது எழுதி அனுப்பக் கை போகும்போதெல்லாம் அந்த இரண்டு மூடிகளும் எனக்குள் திறந்துகொள்கின்றன.

வீடியோவை என் மனைவி மூன்று முறை பார்த்தாள். இருபது வருஷமாக வீட்டுக்கு அரிசி மூட்டை வரும்போதெல்லாம் நான் 'நடுவலி' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது வழக்கம். நான் மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் இடத்தில் படத்தை நிறுத்தி, நிதானமாகக் கேட்டாள்:

"அப்போ இந்த நடுவலியும் நீங்க பரப்பின வதந்திதானா?"