ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

முதலில் நாக்கில்தான் தெரிந்தது. ஒரு ஞாயிறு சாயங்காலம் குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தால் தித்தித்தது. வெல்லத் தித்திப்பு இல்லை. சில்லறைக் காசை வாயில் அடக்கிக்கொண்டது போல ஒரு தித்திப்பு. என் மனைவி செல்வியைக் குடித்துப் பார்க்கச் சொன்னேன். "எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள். அரை மணி நேரத்தில் குளிர் தூக்கிப்போட்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். செவ்வாய்க்கிழமை ஒன்றுமே நடக்காதது போல எழுந்து, நாலு இட்லி தின்றுவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு பழனியில் ஒரு கல்யாணம், போயிருந்தேன், காய்ச்சல் இல்லை. அதற்கடுத்து மறுபடியும் வந்தது. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொண்டது, வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நான் சொல்லப்போக, செல்வி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிறு கறி எடுப்பதை நிறுத்திப் பார்த்தோம். கறி போனதுதான் மிச்சம்.

என்னைப் போலக் காரணம் தெரியாத காய்ச்சலோடு அலைகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் நான் மறைக்காமலே மறைத்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். நாளெல்லாம் காகிதத்தோடு கிடப்பவனுக்குக் கையால் எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்ற நமைச்சல். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. இழைப்புளி, உளி, ரம்பம் வாங்கி ஞாயிறு லீவில் மரவேலையில் இறங்கினேன். நான் செய்த முதல் ஸ்டூலுக்குக் கால் நான்கு. ஆனால் மூன்றில்தான் நிற்கும். பத்து மாதப் பாப்பா சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியதும் நடைவண்டி செய்தேன். இரண்டாம் நாளே சக்கரம் கழன்றது. "கடையில வாங்கிருவோமே" என்றாள் செல்வி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரும்பிலேயே செய்கிறேன் பார் என்று கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் இரும்புப் பெட்டிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில், கழித்துப் போட்டிருந்த சின்ன வெல்டிங் செட் கிடைத்தது. அங்கேயே இரண்டு நாள் நின்று ராடைப் பிடிக்கப் பழகினேன். பாப்பாவின் கையில் துரு படக் கூடாதென்று ஜி.ஐ. பைப்பாக (துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய்) பார்த்து வாங்கினேன். பற்றவைத்தால் வெள்ளைப் புகை எழும். பஞ்சு போல வெள்ளைத் தூள் பறக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தெருப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தை வேடிக்கை பார்த்துவிட்டுக் கண் எரிகிறதென்று அழுதார்கள். எதிர்வீட்டு அக்கா வந்து, "தம்பி, பிள்ளைக கண்ணு போயிரும். கதவைச் சாத்திக்கிட்டு என்னத்தையும் பண்ணுங்க" என்றார். நியாயமான பேச்சு. கதவைச் சாத்தினேன். ஜன்னலுக்குச் சாக்குப் படுதா கட்டினேன். அந்த ஞாயிறுதான் தண்ணீர் தித்தித்தது.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை.

டாக்டர் பொறுமையான மனிதர். மலேரியாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. டைஃபாய்டும் இல்லை. பிறகு கேட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கிளார்க் சார்."

"தூசி, பஞ்சு, தோலுன்னு எதுவும் கிடையாதுல்ல?"

"பேப்பர் வேலைதான் சார்."

பொய் சொல்லவில்லை. தகர அறையில் நான் செய்தது எனக்கு வேலையே இல்லை, விளையாட்டு. சீட்டாடுகிறவன் அதை டாக்டரிடம் சொல்வானா?

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. மூன்று நாள் சளி கொடுத்தேன், கிருமி இல்லை. இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் படிகின்றன என்று பார்க்கும் சோதனை; உடம்பில் அழற்சி இருந்தால் கூடும்) மட்டும் ஏறியிருந்தது. எடையும் குறைந்திருந்தது. "டி.பி. இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியல. மருந்து ஆரம்பிச்சிருவோம்" என்றார் டாக்டர். தினம் ஓர் ஊசி, கை நிறைய மாத்திரை.

செய்தி செல்வியின் ஊரான நிலக்கோட்டைக்குப் போன மறுநாளே மாமனார் வந்துவிட்டார். மல்லிகைத் தோட்டக்காரர், அதிகம் பேசாதவர். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். "மாப்ள, கோவிச்சுக்கிராதீங்க. என் தம்பிய இந்த நோய்க்குத்தான் பறிகுடுத்தேன். செல்வியையும் பிள்ளையையும் நான் கூட்டிட்டுப் போறேன். ஒடம்பு தேறட்டும், நானே கொண்டாந்து விடுறேன்."

கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? செல்வி அழுதுகொண்டே பையைக் கட்டினாள். பாப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் அடுப்படிப் பக்கம் ஒதுங்கி நின்றேன். எனக்கு என்ன நோய் என்று யாராவது அடித்துச் சொன்னால்தான் பாப்பா திரும்பி வருவாள். அது மட்டும்தான் எனக்குத் தெளிவாக இருந்தது.

வெறும் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அவள் வருவதற்குள் நடைவண்டியை முடித்துவிட வேண்டும் என்று ஆபீஸ் விட்டு வந்ததும் தகர அறைக்குள் போய்விடுவேன். இப்போது புதன்கிழமையும் காய்ச்சல் வந்தது. "மருந்து கேக்கலையே" என்று டாக்டர் குழம்பினார். நான் சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். பிள்ளைக்கு ஒரு வண்டியாவது மிஞ்சட்டும் என்று இன்னும் வேகமாகப் பற்றவைத்தேன்.

மூன்றாவது மாதம் மறுபடி எக்ஸ்ரே. எக்ஸ்ரே எடுக்கிற அம்மா சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னண்ணே, பனியன் பூரா பொறி பட்ட பொத்தல்? எங்க வீட்டுக்காரர் பனியனும் இப்படித்தான் இருக்கும். பெட்டிப் பட்டறையில வெல்டிங்கு."

"நானும் வீட்ல சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யுறதும்மா."

"எதுல?"

"ஜி.ஐ. பைப்புல."

"வெளியில வச்சா, உள்ள வச்சா?"

"கதவைச் சாத்திக்கிட்டு."

என் தோளைப் பிடித்துத் தகட்டோடு சேர்த்து நிறுத்தினார். "அதான் காய்ச்சல். அந்தப் பைப்பைப் புதுசாத் தொடுறவுக அம்புட்டுப் பேருக்கும் வரும். மூச்சை இழுத்துப் பிடிங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரிடம் சொன்னேன். தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து வெகுநேரம் புரட்டினார். "இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று சத்தம் போட்டார்.

"நீங்க வேலையத்தானே சார் கேட்டீங்க?"

உலோகப் புகைக் காய்ச்சல் (சூட்டில் ஆவியாகும் துத்தநாகத்தை மூச்சில் இழுப்பதால் சில மணி நேரம் கழித்து வருவது, ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கும்). மூன்று வாரம் அந்த அறைப் பக்கமே போகவில்லை. காய்ச்சலும் வரவில்லை. டி.பி. மருந்தை அவரே நிறுத்தினார். பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள் என்று டாக்டர் சொன்னதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். நீங்கள் விளையாட்டாகச் செய்வதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்கு மூன்று மாதம் போனது அதனால்தான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நிலக்கோட்டை பஸ் ஏறினேன். பாப்பா பூக்கூடைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். பிடிமானம் இல்லாமல் நடந்தாள். என்னைக் கண்டதும் தாத்தாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டாள். மாமனார் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "நல்லதுப்பா" என்றார். அப்போது பஸ்ஸில் வந்த புழுதிக்கு எனக்கு இருமல் வந்தது. பக்கத்தில் நின்ற செல்வியின் கை தன்னை அறியாமல் பிள்ளையை இழுத்து அணைத்தது. நான் எழுந்து தெருவுக்குப் போய் இருமி முடித்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். தொண்டை கமறினால் சாப்பாட்டு நடுவிலும் எழுந்து வெளியே போய்விடுவேன். என் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், செல்விக்கும் தெரியும். இருந்தாலும் கால் தானாக வாசலுக்குப் போகிறது. வெல்டிங்கை நான் விடவில்லை. வெறும் இரும்பில், திறந்த வெளியில், பிள்ளைகள் தெருவில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்கிறேன்.

பாப்பா இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம் டீச்சர் செல்வியைக் கூப்பிட்டு விட்டிருந்தார். சளி பிடித்த நாலு நாளும் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பை விட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய், இருமிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க வீட்ல இப்படித்தான் டீச்சர் இருமுவாங்க" என்றாளாம்.