செம்பருத்திச் சாற்றில் பச்சையான போர் தண்ணீர்

வெந்நீரில் ஊறிய செம்பருத்தி இதழ் விரலில் கொழகொழவென்று ஒட்டும்... அழுத்திப் பிழிந்தால் சாறு கரு ஊதாவாக இறங்கும். நகக்கண்ணில் ஏறிய கறை இரண்டு நாளுக்குப் போகாது.

கல்யாணமாகி மன்னார்குடி பக்கத்துக் கிராமத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வருமுன்பே, புதிதாகப் போட்ட போரை நம்பி மாமனார் குறுவைக்கு நாற்று விட்டார். சில நாளிலேயே நாற்று மஞ்சளாகிவிட்டது. உரம் போட்டார், மருந்து அடித்தார்... பலனில்லை.

"வெதை சரியில்ல. அழிச்சிட்டு வேற வெதை வாங்கி விட வேண்டியதுதான்," என்றார்.

எனக்கு விதைமேல் சந்தேகம் இல்லை. அந்தத் தண்ணீரில் குளித்தால் எவ்வளவு ஊற்றினாலும் உடம்பில் வழவழப்பு போகாது. வயல் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும்.

மறுநாள் காலை நான்கு கண்ணாடி டம்ளர்களில் செம்பருத்திச் சாறு ஊற்றினேன். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தேன், ரோஜா நிறமானது. அடுத்ததில் ஆப்ப சோடா, பச்சையானது. மூன்றாவதில் எங்கள் போர் தண்ணீர்... அதுவும் பச்சை! நான்காவதில் பக்கத்து வயலில் சின்ன மாமனாரின் போரிலிருந்து பிடித்து வந்த தண்ணீர். அது ஊதாவாகவே இருந்தது.

"மாமா, நம்ம தண்ணி சோடாத் தண்ணி மாதிரி இருக்கு. எந்த வெதை விட்டாலும் மஞ்சளாத்தான் போகும்."

"பூச்சாறப் பாத்து வெள்ளாம பண்ணச் சொல்றியாம்மா?"

மாமியார் பச்சையான இரண்டு டம்ளர்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரெண்டும் பச்சையால்ல இருக்கு! ஒரு பாட்டில்ல புடிச்சு டெஸ்ட்டுக்குக் குடுங்களேன். என்ன கெட்டுப் போச்சு?"

அரை மனதோடு கொண்டுபோய்க் கொடுத்தார். ரிசல்ட் வரும்வரை எனக்கு அதே நினைப்புதான். தப்பாகிப் போனால் அந்த வீட்டில் அப்புறம் எப்படி வாயைத் திறப்பேன்?

காரத்தன்மை அதிகம், நாற்றங்காலுக்கு ஆகாது என்று எழுதி வந்தது.

வரப்புத் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லாத தம்பி வீட்டுக்கு மாமனார் அன்று சாயங்காலமே நடந்தார்.

"நாத்துக்குத் தண்ணி வேணும்டா."

"எடுத்துக்கங்கண்ணே. இதுக்கெல்லாமா கேக்கணும்?"

மறுபடி விட்ட நாற்று பச்சைப் பசேலென்று வந்தது. என்ன உரம் போட்டீர்கள் என்று வாசலில் ஒருவர் கேட்டதற்கு மாமனார் சொன்னார்: "உரமெல்லாம் இல்லப்பா. எம் மருமவ தண்ணியப் பாத்துச் சொல்லுச்சு. கெமிஸ்ட்ரி படிச்ச புள்ள."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

இப்போது வீட்டில் பேனா அளவுக்கு ஒரு மீட்டர் இருக்கிறது. தண்ணீரில் வைத்ததும் நம்பர் காட்டும். வசதிதான், நானும் அதைத்தான் எடுக்கிறேன். மீட்டர் சொன்னால் எல்லோரும் உடனே நம்பிவிடுகிறார்கள்.

அன்று நம்பவைக்க என் படிப்பும் நானும் மட்டும்தான் இருந்தோம்... அந்தக் கர்வம் எனக்கு இன்னும் குறையவில்லை.