குடாக்கரையில் சொன்ன பொய்

அந்தக் கடற்கரைக்கு என்னை அழைத்துப் போனவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. மெல்பர்ன் நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எட்டு வருடமாக வேலை பார்த்துவந்தார். அவர் செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி, பெங்களூரிலிருந்து என்னை ஆறு வாரத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில், பொம்மனஹள்ளி தாண்டி ஓசூர் ரோட்டில் முளைத்திருந்த அலுவலகங்களில் இது வழக்கமான சங்கதி. நான் திரும்பியதும் அந்த வேலை மொத்தமும் எங்கள் மாடிக்கு வந்துவிடும். அங்கே இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் என் மேலாளர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இதைச் சொன்னார். அங்கே யாரிடமும் வாய்விடக் கூடாது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அல்சூரில் எங்கள் சந்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பா பால் பூத் வரைக்கும் அதைச் சொல்லி முடித்திருந்தார்.

நான் தமிழ் என்று தெரிந்த மறுநாளே அக்கா எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிவர ஆரம்பித்தார். புட்டு, சம்பல், சில நாள் மீன்குழம்பு. சாப்பிட்டு முடித்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாத முடிவுக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒவ்வொரு திரையாகக் காட்டுவார். எனக்குப் புரியாவிட்டால் தான் சொன்ன விதம் சரியில்லை என்பார். முதல் வாரம் அந்தப் புட்டில் பாதியை மிச்சம் வைத்தேன். மூன்றாவது வாரம் டப்பாவை நானே திறந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் காரில் போனோம். வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு புறநகர்த் தெரு; அதன் முடிவில் செம்மண் மேடு; கீழே அரைவட்டமாக ஒரு சின்னக் குடா. அலையே இல்லை. குழந்தைகள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் துருப்பிடித்த கப்பல் ஒன்று பாதி முங்கிக் கிடந்தது. பழைய இரும்புப் போர்க்கப்பல், வயதானதும் அலையைத் தடுப்பதற்காக இங்கே கொண்டுவந்து அமிழ்த்திவிட்டார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. பீரங்கி மேடை மட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல் கடற்பறவைகள்.

உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி மணலில் உட்கார்ந்தோம். தங்கள் ஊர்க் கடலும் இப்படித்தான், அலை இருக்காது என்றார். பிறகு தனக்கு ஓர் ஆசுபத்திரி அலுவலகத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

"எனக்கு இந்த இடத்தை விட மனமில்லை. ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு கதைக்கினம். நீர் எங்கட பிள்ளை, அதான் கேக்கிறன். எங்கட வேலையை அங்க கொண்டு போகப் போகினமோ?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கப்பலைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

"அதெல்லாம் இல்லக்கா. நாங்க சும்மா சப்போர்ட்டுக்குத்தான்."

மேலாளருக்குப் பயந்துதான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. இன்னும் மூன்று வாரப் பாடம் பாக்கி இருந்தது. அவர் நடுவில் போய்விட்டால் நான் அரைகுறையாகத்தான் திரும்ப வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன் அந்தக் கணக்கு என் மனதில் ஓடியது.

"அப்ப சரி," என்று அவர் கால் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். முகம் தெளிந்துவிட்டது. கப்பல் பின்னால் தெரிகிற மாதிரி என்னைப் படம் எடுத்துக் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை, ஆசுபத்திரிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

நான் ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்து மெல்பர்ன் அலுவலகத்தில் எல்லோரையும் ஒரே நாளில் வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அன்று காலை என் மேசைத் தொலைபேசி அடித்தது. அக்காதான். மாத முடிவுக் கோப்பில் ஓர் இடம் எனக்குச் சொல்லிக்கொடுக்க விட்டுப்போயிற்றாம். மதியத்துக்குள் தன் கணினியைத் திரும்ப வாங்கிவிடுவார்களாம்.

நான் பேனாவை எடுத்தேன். அவர் முதலில் வேறொன்றைக் கேட்டார்.

"அண்டைக்குக் கடற்கரையில கேட்டனான். அப்பவே உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்க்கா."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான். கேட்காமல் கோப்பைத் திறந்தேன்.

"சரி," என்றார். "கோப்பைத் திறந்து வச்சிருக்கிறீரோ? சொல்றன், எழுதும்."

பத்து நிமிடம் சொன்னார். ஒவ்வொரு படியாக, அதே நிதானத்தில். ஓர் இடத்தில் நான் தப்பாகத் திருப்பிச் சொன்னபோது திருத்தினார். முடித்ததும் வைத்துவிட்டார்.

அந்த மாதக் கணக்கு ஒரு பிழையில்லாமல் முடிந்தது. மேலாளர் கேக் வரவழைத்து எல்லோர் முன்னிலையிலும் அதை என் கையால் வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

அக்காவுடைய வீட்டு முகவரி என்னிடம் இருந்தது. இரண்டு தடவை கடிதம் எழுதி, இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவருக்கு மறுபடி வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்று பின்னால் இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். எந்த வேலை என்று நான் கேட்கவில்லை.