தொங்குகம்பியில் சந்தனம்

பூசிய சந்தனத்தை ஒருவர் சுரண்டுவதைக் கண்டால் நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள், ஏன் சுரண்டுகிறாய் என்றா, உன் பெயர் என்ன என்றா?

சனிக்கிழமை காலையில், முதலாளி வருவதற்கு முன், சர்தார் ஸ்டூல் மேல் ஏறி நின்று அதைத்தான் செய்துகொண்டிருப்பார். திருத்தணியில் அரக்கோணம் சாலையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. மோட்டார் சைக்கிள் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் போடும் இடம். கொட்டகையின் குறுக்கே நீளமாக ஓர் இரும்புக் கம்பி போகிறது. அதில் கொக்கி மாட்டி வீல், சேஸ், ஸ்டாண்டு எல்லாவற்றையும் தொங்கவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலைப் பூசையில் முதலாளி ஆதிகேசவன் அந்தக் கம்பி நெடுகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். விடிவதற்குள் அது காய்ந்து ஓடாகிவிடும். அதை உப்புத்தாளால் தேய்த்து இரும்பை வெளியே எடுப்பது சர்தாரின் வேலை. சம்பளத்தில் சேராத வேலை.

தேய்க்காவிட்டால் என்ன? துப்பாக்கி மாதிரியான கருவியிலிருந்து வரும் பவுடர் மின்சாரம் ஏறி வருகிறது. தொங்கும் பாகத்துக்குக் கம்பி வழியாக எர்த் கிடைத்தால், பவுடர் பாய்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுப்பறைக்குள் வைத்துச் சூடேற்றினால் உருகி இறுகிவிடும். கொக்கிக்கும் கம்பிக்கும் நடுவே காய்ந்த சந்தனம் உட்கார்ந்திருந்தால் எர்த் போச்சு. ஒட்டாத பவுடர் திரும்பி வரும். அது போய்ச் சேரும் இடம், துப்பாக்கியைப் பிடித்திருப்பவரின் மூக்கு.

சேர்ந்த புதிதிலேயே சர்தார் இதை முதலாளியிடம் சொன்னார். ஆதிகேசவன் கெட்டவர் அல்ல. கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். "முருகன் மேல கீறாரு, கரண்டு கீழ கீது. நான் பூசறத பூசிடறேன். நான் வர்றதுக்குள்ள நீ தேச்சிடு பாய். என் கண்ணுல மட்டும் படாம பாத்துக்கோ" என்றார். பக்தியும் தொழிலும் சண்டையில்லாமல் நடக்க, ஒரு மனிதர் வாராவாரம் திருடனைப் போல ஸ்டூல் ஏற வேண்டியதாயிற்று.

சர்தாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இமை முடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அதைப் பார்த்தே அன்றைக்கு என்ன வேலை நடந்தது என்று சொல்லிவிடலாம். பேசுவதற்கு முன் ஒரு மூச்சு வாங்குவார். பாதி வாக்கியத்தில் இன்னொன்று. டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார், சூடாகக் குடித்தால் இருமல் கிளம்பும். இதற்கு முன்பு பல வருடம் டேங்குகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். தின்னர் நெடி தாங்காமல்தான் பவுடருக்கு வந்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சிரிப்பார். "அது தலைக்கி ஏறும், இது நெஞ்சுக்கு எறங்கும். மாடி வூட்ட காலி பண்ணிட்டு கீழ் வூட்டுக்கு குடி வந்த மாரி."

வண்டிக்காரர்கள் கேட்பது வேறு. பெயின்ட்டா, பவுடரா, எது தாங்கும்? அதற்கு மட்டும் சர்தார் மூச்சைச் சேமித்து வைத்திருப்பார். "பெயின்ட்டு மேலால ஒக்காரும், நைனா. பவுடரு உருகி கவ்விக்கும். வீலு, சேஸு, ஸ்டாண்டு, கல்லடி படற எடத்துக்கெல்லாம் பவுடரு போடு. டேங்குக்கு பெயின்ட்டே போதும், பளபளப்பு நல்லா வரும், கீறல் வுழுந்தா அந்த எடத்துக்கு மட்டும் தொட்டு வுட்டுக்கலாம். பவுடருல ஒரு ஓரம் பேந்து தண்ணி பூந்துகிச்சினா தோலு மாரி உரிஞ்சிகினே போவும். பிளாஸ்டிக்க மட்டும் எடுத்தாராத, அடுப்புல வெச்சா அப்பளம் ஆயிடும்."

இரும்பு எத்தனை மழை தாங்கும் என்று கேட்கிற ஊரில், அவர் எத்தனை மழை தாங்குவார் என்று கேட்ட ஒரே ஆள் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்தான். தூசி இல்லாத வேலைக்குப் போங்கள், இதே வேலையில் இருந்தால் நுரையீரல் மிஞ்சாது என்றார். எந்த வேலை என்று அவரும் சொல்லவில்லை.

கொட்டகையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று உண்டு. அது ஓடுவதில்லை. பின்பக்கத்து மெஸ்காரர், சாம்பாரில் பவுடர் விழுகிறது என்று சண்டைக்கு வந்தார், நிறுத்திவிட்டார்கள். சாம்பாருக்காகப் பேச ஆள் இருந்தது. முகமூடி வேண்டும் என்று சர்தார் கேட்டபோது, கொரோனா காலத்தில் மிச்சமான துணி மாஸ்க் ஒரு கட்டு வந்தது. மாதம் தவறாமல் பூசணிக்காய் உடைக்கிற கடை அது.

வீட்டில் மனைவி சர்வர் பேகம் தலையணை உறையை ஊறப்போட்டால் தண்ணீர் நிறம் மாறும். "ஒரு நாள் செவப்பு, ஒரு நாள் பச்ச. கலரு கடைக்கு வேலைக்கி போறீங்களா, இல்ல கலர துண்ண போறீங்களா?" என்பாள். "ரெண்டுந்தான். சோறு மிச்சம்" என்பார் இவர். அவள் சிரிக்கமாட்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின சனிக்கிழமை, பள்ளிப்பட்டிலிருந்து விஷ்ணு என்கிற இளைஞன் தன் வண்டியின் இரண்டு வீல்களையும் கழற்றித் தூக்கிக்கொண்டு, கடை திறந்த சூட்டிலேயே வந்து நின்றான். திருவிழாவுக்குள் நீல நிறம் வேண்டும். உள்ளே எட்டிப்பார்த்தான். சர்தார் ஸ்டூல் மேல் நின்று, அப்போதுதான் கம்பியின் ஓரத்தில் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

"இன்னா பாய் பண்ற? சாமி சந்தனத்த சொரண்டிகினு கீற?"

"எர்த்து தம்பி. கரண்டு புடிக்கணும்ல."

"ஏன், சந்தனம் வெச்ச எடத்துலதான் ஒனக்கு எர்த்தா? வேற எடமே கெடைக்கல?" வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டான்.

மெஸ்ஸிலிருந்து இரண்டு பேர் கை கழுவாமலே வந்தார்கள். யாரோ "எறங்குயா கீழ" என்றார்கள். சர்தார் இறங்கினார். அவர் பெயரைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. அது தெரிந்திருந்ததுதான் சங்கடம்.

அந்த நேரம் பார்த்து ஆதிகேசவன் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சர்தாரும் பார்த்தார். 'நான்தான் தேய்க்கச் சொன்னேன்' என்று ஒரே ஒரு வரி வந்தால் போதும், கூட்டம் சாப்பிடப் போய்விடும். ஆதிகேசவனின் வாய் ஒருமுறை திறந்தது. கண் போனின் பக்கம் போயிற்று.

"எனக்கு தெரியாதுபா" என்றார். "இனிமே தொடமாட்டாரு. போதும் பாய், அத அப்டியே வுட்டுட்டு வேலய பாரு."

சர்தாருக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு மூச்சு வேண்டும். அவர் நினைத்தது வேறு. இப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினால், சந்தனத்தைச் சுரண்டினவன் என்கிற பெயர் அவருக்கு முன்னால் நடந்து போகும். இந்தப் பக்கத்தில் எந்தக் கொட்டகையும் சேர்க்காது. இங்கேயே இருந்தால், இனி வாராவாரம் அந்தச் சந்தனத்தின் மேல்தான் வேலை செய்ய வேண்டும். டாக்டர் சொன்னது அந்த நெஞ்சுக்கு இன்னும் சீக்கிரமாக வந்து சேரும்.

தேய்த்தது ஓரத்தில் ஒரு சாண்கூட இல்லை. பாகம் தொங்க வேண்டியது நடுவில், துப்பாக்கிக்கு நேரே. விஷ்ணுவின் வீலை அங்கே மாட்டினார். குங்குமப் பொட்டுக்குப் பக்கத்தில் கொக்கி கூச்சமில்லாமல் உட்கார்ந்தது. விசையை அழுத்தினார்.

நீலம் வீலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மறுபடி அழுத்தினார். கொட்டகை முழுக்க நீலப் புகை. மெஸ்ஸிலிருந்து வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். விஷ்ணுவின் வெள்ளைச் சட்டை, அவன் நெற்றி, தூக்கிப் பிடித்த போன், எல்லாம் நீலம். வீல் மட்டும் அங்கங்கே சொட்டையாகத் தொங்கிற்று.

"இன்னா பாய், ஒட்டவே மாட்டேங்குது?" என்றான் விஷ்ணு, தும்மிக்கொண்டே.

சர்தாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஸ்டூலைப் பற்றிக் குனிந்து, அடங்கும்வரை இருமினார். உதடு, பல், நாக்கு நீலமாக நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து விஷ்ணுவின் பக்கம் நீட்டினார்.

"நீ தேய் தம்பி. உன் கையி பட்டா தப்பில்ல."

விஷ்ணு முதலாளியைப் பார்த்தான். முதலாளி சாலையைப் பார்த்தார். அடுத்த இருமல் வந்தது. சர்தாரின் நீட்டிய கை கீழே இறங்கவில்லை.

உங்கள் வண்டியின் பாகத்தை இனி எந்தக் கொட்டகைக்குக் கொண்டுபோனாலும், வாசலில் நின்று நிறத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போங்கள். நீட்டிய அந்தக் கையிலிருந்து தாளை வாங்குங்கள். எல்லோரும் பார்க்க, நீங்கள் தேயுங்கள்.