சட்டை மாற்றி ஆடிய மாலை

என் மகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர் ஒரு நைஜீரியக்காரர். கழக்கூட்டம் என்ற மலையாளத்து ஊரில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் செயற்கைப் புல் விரித்த ஒரு டர்ஃப் மைதானம் உண்டு. அங்கே சாயங்காலங்களில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். இளம் வயதில் இங்கே ஆட வந்து, முட்டி போனபிறகு ஊர் திரும்பாமல் கோச் ஆகிவிட்டவர். நாகர்கோவிலிலிருந்து வந்த என்னைவிட நன்றாக மலையாளம் பேசுவார், அதுவும் மலப்புறத்து மலையாளம்.

எனக்கு அவர் பிடிபடவில்லை. எந்த கிளப்பில் ஆடினீர்கள் என்று கேட்டால், "குறே கிளப் உண்டு, சேச்சி", அதாவது நிறைய இருக்கு அக்கா, என்று நகர்ந்துவிடுவார். அவரும் யாரையும் நம்புகிறவர் இல்லை. யாராவது அப்பா பயிற்சியை வீடியோ எடுத்தால் விசிலடித்து ஆட்டத்தையே நிறுத்துவார். "யாருக்கு அனுப்பறீங்க?" என்பார். மறைக்க ஏதோ இருப்பவர்தான் இப்படி இருப்பார் என்று எனக்குள் ஓடும்.

மகள் பிளஸ் டூ படித்த வருஷம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகள் ட்யூஷனுக்குப் போயிருந்த நேரம். அவளுடைய ஆட்டத்தை வீடியோவில் பார்த்தாராம். போர்ச்சுகலில் ஒரு அகாடமியில் இடம் இருக்கிறதாம். விசாவுக்கு அவளுடைய பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தால் போதும் என்றார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் சொல்லியிருப்பாள் போல, மறுநாள் கோச் என்னை ரோட்டில் நிறுத்தினார். "பாஸ்போர்ட்டைக் கொடுத்தாச்சா?"

"இல்லை. ஏன்?"

"கொடுக்காதீங்க."

இருப்பதில் நல்ல ஆட்டக்காரி போய்விடுவாளே என்ற பயம் இவருக்கு என்று நினைத்தேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் மெதுவாகச் சொன்னார்: "என்னைக் கூட்டிட்டு வந்த ஏஜென்ட் ஏர்போர்ட்லயே பாஸ்போர்ட்டை வாங்கிட்டான். பெரிய லீக்னு சொன்னான். கொண்டுபோய் இறக்கினது வயல்ல போட்ட செவன்ஸ் கிரவுண்ட்ல. ஏழு பேர் ஆட்டம், தினம் ஒரு ஊர். முட்டி வீங்கினாலும் ஆடணும், பாஸ்போர்ட் அவன்கிட்ட இல்லையா? நான் ஆடி அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, சேச்சி. இந்த ஆள் வந்து உங்க மகள் ஆடறதைப் பார்க்கட்டும்."

வீட்டில் சொன்னேன். "கோச் சொல்லதுலயும் காரியம் இருக்கும்லா" என்றார் வீட்டுக்காரர். கோச் சொன்னது கதையாக இருந்தால் என்று எனக்குச் சந்தேகம். எதற்கும் அந்த ஆளை ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டு, கோச்சிடமும் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை அந்த ஆள் மைதானத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மகள் எப்போதும் பதினொன்றாம் நம்பர் சட்டைதான் போடுவாள். அன்று அது வேறொரு பெண் மேல் இருந்தது. என் மகள் நாலாம் நம்பரில் நின்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கோச் மாற்றியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

பதினொன்றாம் நம்பர் வலது காலால் ஒரு பந்தைத் தூக்கியடித்தது. "இந்த வலது காலைத்தான் மேடம், வீடியோவிலேயே பார்த்து அசந்துபோனேன்" என்றார் பக்கத்தில் இருந்த ஆள்.

என் மகள் இடதுகால்காரி.

"அது என் பொண்ணு இல்லை" என்றேன். லைட் கண்ணைக் கூசுகிறது என்று சிரித்தார். கோச் வந்து எதிரில் நின்றார். அகாடமியின் பெயர் என்ன, அங்கே கோச் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த ஆள் போன் வருவதாகச் சொல்லிக் கார்ப் பக்கம் நடந்தார். அதன்பிறகு அவருடைய நம்பர் கிடைக்கவே இல்லை.

மகள் அந்த ஆளைவிட என்மேலும் கோச்மேலும்தான் கோபப்பட்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வச்சு டெஸ்ட் பண்ணியிருக்கீங்க, இல்லே?" எனக்கும் தெரியாது என்று சொன்னதை அவள் நம்பவில்லை. பல வாரம் மைதானத்துக்கே போகவில்லை. கோச் கூப்பிடவும் இல்லை. ஒரு நாள் அவளாகவே ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் அவளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்.

அடுத்த வருஷம் திருச்சூரில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கொடுத்தது. கோச் அதையும் சந்தேகப்பட்டார். என்னோடும் மகளோடும் ரயிலேறி வந்து, வார்டனிடம் என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார். மைதானத்தில் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்து, மழைத் தண்ணீர் வடியாது என்றார். கடைசியில் "சரி, சேரட்டும்" என்றார்.

அவளை ஹாஸ்டலில் விட்டுத் திரும்பும் ரயிலில் நானும் அவரும்தான். "சேச்சி, அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க. ரூம்ல கூட இருக்கற பொண்ணு எப்படின்னு கேளுங்க" என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அதுக்குள்ளயா?" என்றாள் மகள். "ரெண்டு பேரும் எர்ணாகுளம்கூடத் தாண்டியிருக்க மாட்டீங்களே!"