ஒன்பது அட்டைகளில் ஒரு கிணறு

தேநீரின் முதல் மிடறை விழுங்காமல் நாவில் நிறுத்திக்கொண்டு கண்களை மூடுகிறார் சாலிஹ். மூன்று விநாடி. பிறகு விழுங்கிவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கிறார்.

"இண்டைக்குக் குழாய்த்தண்ணி இல்ல. பின்வளவுக் கிணத்துல அள்ளிக் கொதிக்க வெச்சிருக்கீங்க. சரியா?"

கல்லடி மண்டபத்தில் தேநீர் ஊற்றும் பெண் சிரிக்கிறார். "ஓம் சேர். விடியக்காலையில இருந்து குழாய் வரல்ல. உங்களுக்கு ஒரு நாளைக்காவது பிழைக்காதா?"

அவர் கணிப்புப் பிழைப்பதில்லை. ஏறாவூர்த் தண்ணீர், ஆரையம்பதித் தண்ணீர், வாவிக்கரைத் தண்ணீர் என்று தேயிலைக்குள் ஒளிந்திருப்பதையும் பிரித்துச் சொல்லிவிடுவார். வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு ஆண்டும் நான்கு மாதமும் அரசாங்கத்தில் வாய்க்கால்களையும் குளங்களின் வான்கதவுகளையும் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய முகவரி அட்டையில் 'நீர் ஆலோசகர்' என்று இருக்கிறது. தண்ணீரின் உப்பை அளக்கும் சிறு மீற்றர் ஒன்றைப் பழைய பிஸ்கட் தகரப்பெட்டியில், முகம் துடைக்கும் துவாயால் சுற்றி, போகுமிடமெல்லாம் கொண்டு போவார். பம்ப் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று இடது காது மந்தம். அதனால் கைப்பேசி எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசும். அவரோடு இரகசியம் பேச விரும்புகிறவர்கள் நேரில் வருவார்கள்.

சட்டைப்பையில் பென்சில் ஒன்று, மைப்பேனை ஒன்று. பிறர் சொல்லக் கேட்டதைப் பென்சிலால் எழுதுவார். தானே போய்ப் பார்த்ததை மட்டும் பேனையால் எழுதுவார். "கேட்டதெல்லாம் பென்சில், கண்டது மட்டும்தான் பேனை" என்பார். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், யாரோ சொன்ன நீர்மட்டத்தைப் பார்க்காமல் எழுதி மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியதிலிருந்து வந்த வழக்கம் அது.

மட்டக்களப்பு ஆலோசகர் வட்டத்தின் செயலாளரும் அவர்தான். பதினான்கு அங்கத்தவர்கள். கட்டடப் பொறியியலாளர், சங்கங்களைப் பதிவு செய்து கொடுப்பவர், திட்டங்களை மதிப்பீடு செய்பவர், பயிற்சி வகுப்பு நடத்துபவர் என்று ஆளுக்கொரு துறை. ஒரு காலத்தில் தொண்டு நிறுவனங்களின் வாகனங்கள் வரிசையில் நின்று இவர்களை ஏற்றிப் போயின. அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகு, ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுக்கலாம் என்று தொடங்கியதுதான் வட்டம். மாதத்தின் முதற் சனிக்கிழமை கூடுவார்கள். தனக்கு வந்த வேலையை அதற்குப் பொருத்தமான இன்னொருவருக்கு அறிமுகம் செய்தால் மஞ்சள் அட்டை ஒன்று நிரப்ப வேண்டும். கொடுத்தவர், பெற்றவர், வேலை, தொலைபேசி எண், முடிவு என்று ஐந்து கட்டங்கள். மாதத்துக்கு ஓர் அட்டையாவது கொடுக்காதவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும் என்பது ஏழாம் விதி. அட்டையை வரைந்தவரும் ஏழாம் விதியை எழுதியவரும் சாலிஹ்தான்.

வட்டத்தின் ஆண்டு ஓகஸ்ட்டில் தொடங்கி ஜூலையில் முடியும். சென்ற ஆண்டு இருபத்தொன்பது அட்டைகள். இந்த ஆண்டு நாற்பத்தொன்று. நாற்பது அறிமுகங்களைக் காட்டும் வட்டத்துக்குக் கொழும்பிலுள்ள ஆலோசகர் சம்மேளனம் முழு அங்கத்துவம் கொடுக்கும். ஆண்டுக் கூட்டத்தில் இந்த எண்ணை வாசித்து, ஏற்று, அனுப்ப வேண்டியதுதான் மிச்சம்.

கூட்டத்துக்கு முதல் நாள், ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, அவர் அட்டைகளைக் கட்டிலில் பரப்பினார். திகதிப்படி ஒரு முறை, பெயர்ப்படி ஒரு முறை அடுக்கினார். மனைவி றபீக்கா வாசலில் நின்று பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் தண்ணி பாக்குற மனிசன். நம்மட டேங்க் கழுவி ரெண்டு வருசம்."

"மறுகா கழுவுவம்."

"உங்கட மறுகா எந்த வருசத்து அட்டையில வரும்?"

அவர் மூன்றாவது முறையாகத் தொலைபேசி எண்படி அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒரே எண் இரண்டு முறை வந்தது. பிறகு மூன்றாவது முறை. அடுக்கி முடிந்தபோது அந்த எண்ணின் கீழ் ஒன்பது அட்டைகள் கிடந்தன.

வேலையின் பெயர் ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தது. பொறியியலாளர் 'கட்டுமான ஆலோசனை' என்று எழுதியிருந்தார். மதிப்பீட்டாளர் 'சமூகத் தேவை மதிப்பீடு' என்றும், சங்கம் பதிபவர் 'நிறுவனப் பலப்படுத்தல்' என்றும், பயிற்சி கொடுப்பவர் 'பெண்கள் தலைமைத்துவம்' என்றும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் தொழிலின் சொல்லை அந்த வேலைக்கு உடுத்தி அடுத்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே கடிதம். மாங்கேணி மாதர் சங்கத்தின் பொதுக்கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கிவிட்டது; இன்னும் ஆழமாகத் தோண்டலாமா, கூடாதா, ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பத்தேழு வீடுகள் குடிக்கும் கிணறு.

முதல் அட்டை 2024 ஒக்டோபர் ஐந்தாம் திகதி. கொடுத்தவர் சாலிஹ். ஒன்பதாவது, சென்ற ஜூலை ஐந்தாம் திகதி. பெற்றவர் சாலிஹ். 'கரையோர நீர்வள முகாமைத்துவம்' என்ற பெயரில் அது அவரிடமே திரும்பி வந்து நான்கு வாரம் மேசையில் கிடந்திருக்கிறது. ஆண்டறிக்கை எழுதும் அவசரத்தில் அவர் அந்த எண்ணுக்கு அழைக்கவேயில்லை.

கடிதத்தை முதலில் வாசித்த நாளே அவருக்கு விடை தெரியும். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், அடியில் உப்பு. தோண்டினால் உப்பைத்தான் தொடலாம். அன்றைக்கு அவரிடம் வேறு அட்டை இல்லை. தான் எழுதிய ஏழாம் விதிக்காகத் தானே எழுந்து நிற்க வெட்கமாக இருந்தது. மாங்கேணிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முழங்கால் வலித்தது. கிணற்றைச் சுற்றிக் கல்கட்டும் இருக்கிறது என்பதால் அதைப் பொறியியலாளர் சிவதர்ஷனுக்குக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் நான்கு முறை அந்த எண்ணுக்கு அழைத்தார். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை, ஓகஸ்ட் இரண்டு. கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று மண்டபத்தின் ஜன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. பதினான்கு கதிரைகளில் பதினொன்று நிரம்பின. தலைவி தக்ஷாயினி மூன்று மாவட்டங்களில் மதிப்பீட்டு வேலை செய்து களைத்துப் போன பெண். பட்டிஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"சேர், நம்பரை வாசிங்க. ஏத்துக்கொண்டு வீட்ட போவம். எல்லாருக்கும் அலுப்பு."

"கொழும்புக்கு அனுப்ப முதல் லெமினேட் பண்ணுங்க சேர்" என்றார் சிவதர்ஷன். பெரியகல்லாற்றிலிருந்து வருகிறவர். கூட்டத்தில் சிரிப்பு மூட்டுவது தன் வேலை என்று வைத்திருப்பவர்.

சாலிஹ் ஒன்பது அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். "இந்த ஒன்பதும் ஒரே ஃபோன் நம்பர். ஒரே கிணறு. எண்ணிக்கை முப்பத்து மூண்டு."

சாலிஹை அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும், சங்கங்களைப் பதிவு செய்யும் மின்ஹாஜ்தான் முதலில் பேசினார்.

"காக்கா, அட்டை அட்டைதானே? ஒவ்வொரு தரமும் ஒராள் இன்னொராளுக்கு அறிமுகம் பண்ணித்தானே இருக்கு?"

"பண்ணித்தான் இருக்கு தம்பி. ஒராளாவது மாங்கேணிக்குப் போனீங்களா?"

"நானும் ஃபோன் பண்ணிச் சொன்னன்தானே, அடுத்த சேர் எடுப்பார் எண்டு."

"அதத்தான் எல்லாரும் சொல்லியிருக்கம்."

சிவதர்ஷன் முதல் அட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சிரிப்பு மூட்டும் எண்ணம் அவரிடம் இல்லை. "எனக்குத் தந்தது நீங்கதான் சேர். கட்டுமான வேலை எண்டுதான் சொன்னீங்க. தண்ணிப் பிரச்சினையெண்டு ஒரு வார்த்தை சொல்லல்ல."

"ஓம். சொல்லல்ல."

"கடைசி அட்டையும் உங்களுக்குத்தான் வந்திருக்கு" என்றார் தக்ஷாயினி. குரலில் கோபம் இல்லை. "சேர், நான் பொய் எழுதச் சொல்லல்ல. முழு அங்கத்துவம் கிடைச்சா நாங்க நேரடியா விண்ணப்பிக்கலாம். இல்லாட்டி இன்னும் ஒரு வருசம், கொழும்பால வாற ஆக்களுக்குப் பின்னால ஃபைல் தூக்கிக்கொண்டு திரியிறதுதான். எனக்கு நாப்பத்து நாலு வயசு. காணும், போதும் எண்டு இருக்கு."

அந்த நேரத்தில்தான் சாலிஹின் கைப்பேசி அடித்தது. அவர் எடுத்தார். வழக்கம்போல மண்டபம் முழுதும் கேட்டது.

"நேத்து இந்த நம்பரில இருந்து நாலு கோல் வந்திருக்கு. ஆரு பேசுற?"

"நான் ஏறாவூர் சாலிஹ். மாங்கேணிச் சங்கமா?"

"ஆ! சாலிஹ் சேர்! மொதல் ஆள்!" மறுபக்கம் ஒரு சிரிப்பு. "நான் சங்கத் தலைவி சீதேவிப்பிள்ளை. கடிதம் போட்டது நான்தான். ஃபோனில சார்ஜ் இல்லாமக் கிடந்த. இப்ப என்னத்துக்குச் சேர்? திங்கக்கிழமை விடிய தோண்டுற பொடியனுகள் இறங்குறானுகள். நாலு முழம்."

"அக்கா, தோண்ட வேணாம். தோண்டினா முழுக்க உப்பாப் போகும். பிறகு திருத்த ஒண்ணாது."

சீதேவிப்பிள்ளை குரலை உயர்த்தினார்.

"இதச் சொல்லப் பத்து மாசமா சேர்?"

சாலிஹ் மேசையிலிருந்த ஒன்பதாவது அட்டையைத் தன் பக்கம் இழுத்தார்.

"கேளுங்க. ஒன்பது சேர்மார நம்பி, பொறுங்க பொறுங்க எண்டு சொல்லி நான் வாங்கின ஏச்சு காணும். இனி ஃபோன்ல ஆரோ வேணாமெண்டாங்க எண்டு நான் கூட்டத்துல எழும்பிச் சொன்னா, ஆள் வந்து கிணத்தப் பாத்தாரா எண்டுதான் கேப்பாங்க. நான் என்ன சொல்ற?"

சாலிஹ் சட்டைப்பையிலிருந்த பேனையைத் தொட்டுப் பார்த்தார். "நாளைக்கு வாறன் அக்கா" என்றார்.

"மற்றச் சேர்மாரும் வாறன் எண்டுதான் சொன்னவங்க" என்று சொல்லிவிட்டு அவர் அழைப்பைத் துண்டித்தார்.

அதன் பிறகும் வாக்கெடுப்பு நடந்தது. நாற்பத்தொன்றுக்கு ஆறு கைகள், முப்பத்து மூன்றுக்கு மூன்று. இருவர் எதற்கும் கை தூக்கவில்லை. சிவதர்ஷன் தூக்கியது முப்பத்து மூன்றுக்கு. சாலிஹ் கூட்டம் ஏற்ற எண்ணை அறிக்கையில் எழுதித் தலைவியிடம் நீட்டினார். தக்ஷாயினி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பென்சிலால எழுதியிருக்கீங்க."

"கூட்டம் சொன்னத எழுதினன். நான் கண்டது அது இல்ல, தங்கச்சி."

தக்ஷாயினி அதில் கையெழுத்துப் போடவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஞாயிறு காலை ஆறு ஐம்பதுக்கு ஏறாவூரில் பஸ் ஏறினார். ஓட்டமாவடியில் மாறி, எட்டு முப்பத்தைந்துக்கு மாங்கேணியில் இறங்கினார். கையில் பிஸ்கட் பெட்டி. வழி முழுவதும் நின்றுகொண்டு வந்ததில் முழங்கால் மடங்க மறுத்தது. இறங்குகிற இடத்தில் யாரும் காத்திருக்கவில்லை. கிணற்றுக்கு வழி கேட்டு, மணலில் கால் புதைய நடந்தார்.

கிணற்றடியில் சீதேவிப்பிள்ளை துணி அலசிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான, உயரமான பெண். பிஸ்கட் பெட்டியுடன் வந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெய்யாவே வந்திட்டீங்க."

சாலிஹ் அளவு நாடாவைக் கிணற்றில் இறக்கினார். ஆழம் பதினொரு அடி. தண்ணீர் நாலடி. கட்டோரத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஒன்று பொருத்தியிருந்தது. வாளியில் கொஞ்சம் அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி நாவில் வைத்துக்கொண்டார். பெண்கள் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். "தண்ணிய ருசி பாக்கிறதுக்கும் படிப்பிருக்கா கா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு மீற்றரைத் துவாயிலிருந்து பிரித்தெடுத்துத் தோய்த்தார். 1,870 காட்டியது: கரிக்கும் அளவு, ஆனால் மீளாத அளவு இல்லை. தலையசைத்து, அதைப் பேனையால் குறிப்பேட்டில் எழுதினார்.

"கிணறு சாகல்ல. களைச்சுப் போயிருக்கு. இந்த மோட்டர்தான் நல்ல தண்ணிய ஒரேயடியா இழுத்துப்போட்டு அடியில கிடக்கிற உப்பக் கூப்பிடுது. மோட்டரக் கழட்டுங்க. மாரி வரைக்கும் வாளியால மட்டும் அள்ளுங்க. ஒரு முழமும் தோண்ட வேணாம்."

சீதேவிப்பிள்ளை கையை உதறிவிட்டு, வேலிப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "பிள்ள, அந்தப் பொடியனுகளுக்குக் கோல் எடுத்து நாளைக்கு வர வேணாமெண்டு சொல்லு கா. ஆள் வந்து கிணத்தக் கண்டுட்டாரு எண்டு சொல்லு."

பிறகு வீட்டுக்குள் போய், பழைய நாட்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பின்பக்கத்தில், ஒவ்வொரு முறையும் அடுத்து வருவார் என்று தொலைபேசியில் சொல்லப்பட்ட பெயர்கள் கோணல் எழுத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. பத்து வரிகள். முதலாவதும் பத்தாவதும் ஒரே பெயர்.

"வராத ஆக்களுக்கும் கணக்கு வெக்கணுமே" என்றார்.

சாலிஹ் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறையும், கீழிருந்து மேலாக ஒரு முறையும் வாசித்தார். விரல்களை மடக்கி, முதல் அட்டையின் திகதியிலிருந்து மாதங்களைக் கூட்டினார். பேனையின் மூடியைக் கழற்றி, பத்தாவது வரியை விட்டுவிட்டு, முதலாவது வரியில் தன் பெயருக்கு நேரே அன்றைய திகதியை எழுதினார். அதன் பக்கத்தில் '302 நாள்' என்று எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டு, நாட்காட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.