திக்கினாலும் நானே பேசறேன்

பஸ் டிப்போவில் அவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். சிக்னல் சரியாகக் கிடைக்காத ரேடியோ போலப் பேச்சு விட்டு விட்டுத் திக்கும் என்பதால் வைத்த கிண்டல். பதினாறு வருடம் மெக்கானிக்காக இருந்தவரைத் தலைமை மெக்கானிக் ஆக்கினார்கள். தினமும் காலையில் இருபது பேர் முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்ல வேண்டும்.

"பேசறதை வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்றார் மேனேஜர்.

"வே... வேண்டாம் சார். நானே பேசறேன்."

வீட்டில் மனைவி சிரித்தாள். "என்னைத் திட்டறப்ப மட்டும் திக்கவே மாட்டேங்குதே! அதே மாதிரி பேசுங்க."

முதல் நாள் 'பிரேக்' என்ற சொல் வாயிலேயே சிக்கிக்கொண்டது. வெல்டர் முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிட, எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அவர் கையை உயர்த்தினார்.

"நா... நான் முடிக்கிற வரைக்கும் பொறுங்க. நீங்க பேசறப்ப நானும் பொறுப்பேன்."

ஒரு நாளும் விடாமல் பேசினார். திக்கல் போகவில்லை, சிரிப்புதான் போனது. இரண்டாவது மாதம், அதுவரை வாயே திறக்காத டயர் பிரிவுப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஏழாம் நம்பர் பஸ்ல பின்சக்கரம் ஆடுது." அவள் முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கிடவில்லை.

அந்த பஸ்ஸின் டிரைவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்.

"சக்கரத்தைச் ச... சரி பண்ணின பிறகுதான் வண்டி நகரும்" என்று தலைமை மெக்கானிக் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.